மத்திமம் மட்டும் வரவில்லை

மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே அவள் முனகிய மெட்டில் ஒரு ஸ்வரம் வரவில்லை. ச, ரி, க வரைக்கும் தொண்டை வழக்கம்போல் ஏறியது. பஞ்சமமும் அதற்கு மேலும் சுத்தமாக இருந்தன. நடுவில் மத்திமம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் காற்று வந்தது, ஒலி வரவில்லை. விழுந்த பல்லின் இடத்தை நாக்கு தடவிப் பார்ப்பதுபோலத் திரும்பத் திரும்ப அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தாள். சளி பிடித்தால் குரல் முழுக்கக் கரகரக்கும். ஒரே ஒரு ஸ்வரத்தை மட்டும் எந்தச் சளியும் தூக்கிக்கொண்டு போவதில்லை. "என்னம்மா, பாட்டு நின்னு நின்னு போகுது?" என்று கேட்டுவிட்டு மகள் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு ஓடினாள். இரண்டாம் வகுப்பு. வீட்டில் அவளுக்குப் பெயர் வாண்டு.

வாண்டுவின் அம்மா டிவி சீரியல்களுக்குப் பின்னணி இசை அமைக்கிறவள். மாமியார் மூன்று தரம் தலையைத் திருப்பினால் வயலின் மூன்று தரம் அழ வேண்டும். அதுதான் தொழில், அதில் அவள் கெட்டிக்காரி. வாடகை ஸ்டூடியோவில் செய்துகொண்டிருந்த வேலையை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டால், வாண்டு பள்ளி விட்டு வரும்போது கதவைத் திறக்க அம்மா இருப்பாள் என்று யோசனை சொன்னது தம்பிதான். கணவன் வேலை நிமித்தமாக வெளியூரில் இருந்தான். அப்பா அம்மா போன பிறகு தம்பியை வளர்த்தவள் அவள். சோறு ஊட்டியதிலிருந்து ஒலிப்பதிவுப் படிப்பில் சேர்த்துவிட்டது வரை எல்லாம் அவள் கையால் நடந்தது. அவன் இப்போது பெரிய ஒலிப்பதிவாளன். கண்ணை மூடிக்கொண்டு அறையை அவனிடம் ஒப்படைத்தாள்.

எந்த ஸ்பீக்கர், எந்த மைக், சுவரில் எவ்வளவு கனத்துக்குப் பஞ்சு, எல்லாமே அவன் தேர்வு. ஜன்னலை அடைத்தான். கதவைத் தடிமனாக்கி, விளிம்பெல்லாம் ரப்பர் ஒட்டி, நடுவில் முகம் பார்க்கிற அளவுக்கு ஒரு கண்ணாடி வைத்தான். சாம்பிள் லைப்ரரி விஷயத்தில்தான் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. நிஜக் கலைஞர்களை உட்காரவைத்து, ஒவ்வொரு ஸ்வரத்தையும் மெதுவாக ஒரு முறை, ஓங்கி ஒரு முறை என்று லேயர் லேயராகத் தனித்தனியே பதிவு செய்து அடுக்கி வைத்த கிடங்கு அது. கீபோர்டில் கட்டையை அமுக்கினால் அந்த மனிதர் வாசித்தது கேட்கும். முதலில் வயலின் வாங்கலாம் என்றாள் அவள்.

"வயலின் எல்லார்கிட்டயும் இருக்குக்கா. நல்ல பொம்பளைக் குரல்தான் யார்கிட்டயும் இல்ல. அது ஒண்ணு இருந்தா நீ யாரை வேணும்னாலும் அழ வைக்கலாம்" என்றான் தம்பி.

அவனே ஒரு குரல் லைப்ரரி தயாரித்துக்கொண்டிருப்பதாகவும், இன்னும் முடியவில்லை, முடிய முடியத் தானாகவே அவள் கணினியில் வந்து சேர்ந்துவிடும் என்றும் சொன்னான். அதுவரை மைக்கை அணைக்கக் கூடாது, அறையின் மௌனத்தைப் பதிய வேண்டும் என்றான். ஒலிப்பதிவில் இது வழக்கம்தான். ஆளில்லாத அறைக்கும் ஒரு ஓசை உண்டு. அதை எடுத்து வைத்துக்கொண்டு இடைவெளிகளை நிரப்புவார்கள். வேறு யாராக இருந்தாலும் ராப்பகலாக மைக் எதற்கு என்று கேட்டிருப்பார்கள். தொழில் தெரிந்தவள் என்பதால் அவள் கேட்கவில்லை.

அன்று காலை, மத்திமம் போன தொண்டையோடு, அந்த அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள். பசை வாடையும் புதுப் பஞ்சின் வாடையும் கலந்து வந்தன. தெருவின் இரைச்சல், பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார், எல்லாம் கதவோடு நின்றுவிட, தன் காதுக்குள் தன் ரத்தம் ஓடுகிற சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. மைக்கின் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குரல் லைப்ரரியைத் திறந்து கட்டைகளை வரிசையாக அமுக்கினாள். ஊமை. ஊமை. ஊமை. நான்காவது கட்டையில் ஒரு பெண் பாடினாள்.

மத்திமம். தேன் தடவின மாதிரி இருந்தது. மறுபடி அமுக்கினாள், அதே ஸ்வரம், மயிரிழை வித்தியாசத்தோடு. ஒரே பதிவையே திரும்பப் போட்டால் இயந்திரம் என்று காது கண்டுபிடித்துவிடும் என்பதால் நல்ல லைப்ரரிகளில் ஒரே ஸ்வரத்தைப் பல தடவை பாடவைத்து எடுப்பார்கள். தம்பியின் நேர்த்தியை நினைத்துப் பெருமையாக இருந்தது. பிறகு ஸ்பீக்கர் ஒலியைக் கூட்டினாள். ஸ்வரம் முடிகிற இடத்தில் அந்தப் பெண் மூச்சை இழுத்தாள். இழுப்பின் கடைசியில் ஒரு மெல்லிய விசில்.

அந்த விசிலை அவளுக்குத் தெரியும். அவளுடைய இடது மூக்குத் துவாரம் கொஞ்சம் வளைந்தது. தன் பதிவுகளில் எல்லாம் அதை உட்கார்ந்து வெட்டி எறிந்தே அவளுக்குப் பாதி வயது போயிருந்தது.

தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவன் சிரித்தான். அவளுடைய பழைய பாட்டு டேப்புகளை எல்லாம் பத்திரமாக வைத்திருந்ததாகவும், அவள் குரலையே அவளுக்குப் பரிசாகக் கொடுக்க நினைத்ததாகவும், அதற்குள் கண்டுபிடித்துவிட்டாளே என்றும் சொன்னான். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள். போனை வைத்துவிட்டு முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை தைவதம் வரவில்லை. கீபோர்டில் வந்திருந்தது. அதற்கடுத்த நாள் ரிஷபம். டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு எல்லாம் சுத்தமாக இருக்கிறது, பேச்சைக் குறையுங்கள் என்றார். ஸ்வரங்கள் தீர்ந்த பிறகு வார்த்தைகள் போக ஆரம்பித்தன. ஒருநாள் காலை மகளைச் சாப்பிடக் கூப்பிடப் போய், "கண்ணு" என்று சொல்ல வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, நாக்கு அண்ணத்தைத் தொட்டது, ஒன்றும் வரவில்லை. வாண்டு அது ஏதோ விளையாட்டு என்று நினைத்துத் தானும் ஊமை மாதிரி வாயசைத்துக் காட்டிச் சிரித்தாள். அம்மா ஸ்டூடியோவுக்கு ஓடிப்போய்க் கட்டையை அமுக்கினாள். "கண்ணு" என்றது ஸ்பீக்கர். மகள் தூங்கும்போது தலையைக் கோதிவிட்டுச் சொல்வாளே, அந்த "கண்ணு". எந்த டேப்பிலும் அவள் அதைப் பாடியதில்லை.

வாண்டுவைப் பள்ளிக்கு அனுப்பினாள். தம்பியைக் கூப்பிட்டாள். அவன் எடுக்கவில்லை. மூன்று மணிவாக்கில் கணவனைக் கூப்பிட்டு, மிச்சமிருந்த வார்த்தைகளைத் திக்கித் திக்கிக் கோத்துப் பேசினாள்.

"மத்தியானம் பேசினப்போ நல்லாத்தானே இருந்த? அதுக்குள்ள தொண்டை கட்டிக்கிச்சா?" என்றான் கணவன்.

மத்தியானம் அவள் யாரோடும் பேசவில்லை.

"அதான் நீ கேட்டதுக்குச் சரின்னு சொல்லிட்டேனே. உனக்கு உடம்பு தேறுற வரைக்கும் வாண்டு மாமாகூடவே இருக்கட்டும்."

நான் சொல்லலை என்று கத்தப் பார்த்தாள். "நான்" அவளிடம் இல்லை. "சொல்லலை" என்பதும் இல்லை. கணவன் இரண்டு தரம் ஹலோ ஹலோ என்றுவிட்டு, லைன் சரியில்லை என்று வைத்துவிட்டான். விவரமாக எழுதி அனுப்பினாள். ஓய்வு எடுத்துக்கொள் என்று பதில் வந்தது.

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. யாரோ ஒரு அந்நியன் செய்திருந்தால் பயந்துவிட்டுப் போயிருப்பாள். தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. அவனுக்குக் காய்ச்சல் வந்தால் இவளுக்குத் தூக்கம் போன பிள்ளை. பயத்துக்கு மேலே அதுதான் நெஞ்சைக் கொதிக்கவைத்தது. வாண்டு பள்ளி விட்டு வருவதற்குள் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும் என்று ஸ்டூடியோவுக்குள் போய், மைக் வயரைப் பிடுங்கக் குனிந்தபோது, பின்னால் ஆள் நிற்பது தெரிந்தது. சத்தம் கேட்டுத் தெரியவில்லை. அந்த அறையில் யார் வந்தாலும் சத்தம் கேட்காது.

"ஏன்டா?" என்றாள். அந்த ஒரு வார்த்தை மிச்சமிருந்தது.

தம்பி அவள் கையிலிருந்து வயரை மெதுவாக வாங்கிக்கொண்டான். கோபமில்லை, அவசரமில்லை. சின்ன வயதில் பொய் சொல்லும்போது பார்வையைத் திருப்பிக்கொள்வான். இப்போது நேராகப் பார்த்தான்.

"மனுஷங்க போயிடுவாங்கக்கா. அம்மா குரல் இப்ப உனக்கு ஞாபகம் இருக்கா? எனக்கு இல்ல. உன்னோடது போக விடமாட்டேன்" என்றான். கொஞ்சம் நிறுத்தி, "கடைசி லேயர் மட்டும்தான் பாக்கி. உச்ச சத்தம். அதை யாராலயும் நடிக்க முடியாது" என்றான்.

விளக்கை அணைத்தான். வெளியே போனான். கதவு ரப்பரில் அமுங்கி மூடியது. பூட்டு விழுந்தது கைக்குத் தெரிந்தது, காதுக்குத் தெரியவில்லை.

இருட்டு. பசை வாடை. சிவப்பு விளக்கு.

கதவை அறைந்தாள். பஞ்சு தின்றுவிட்டது. தோளால் மோதினாள். தின்றுவிட்டது. கண்ணாடியில் முகத்தைப் பதித்தாள். கூடம் தெரிந்தது. சாப்பாட்டு மேசையில் தம்பியின் லேப்டாப்பும் சின்னக் கீபோர்டும் இருந்தன. அவன் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தான்.

வாசல் கதவு திறந்தது. வாண்டு பையோடு வந்தாள். ஒரு பின்னல் அவிழ்ந்திருந்தது. வாய் அசைந்தது. அம்மா எங்கே என்று கேட்கிறாள்.

தம்பியின் விரல்கள் கட்டைகளில் இறங்கின. அறைக்குள் இருந்த ஸ்பீக்கர்களிலும் அது கேட்டது, அவள் முதுகுக்குப் பின்னால், இருட்டில், அவளுடைய குரலில்.

"வந்துட்டியா கண்ணு. அம்மா உள்ள வேலையா இருக்கேன். மாமா சொல்றபடி கேளு."

மூச்சு. விசில்.

வாண்டுவின் முகம் மலர்ந்தது. சரி என்று தலையாட்டினாள்.

இல்லை. அது நானில்லை. இங்கே பார். இங்கே பாரடி.

வாயை முழுக்கத் திறந்தாள். நரம்பு புடைத்தது. விலா வலித்தது. அலறினாள். ஒன்றுமில்லை. காற்றுகூட இல்லை. கணினித் திரையில் மட்டும் ஒலியளவு மீட்டர் எழுந்தது. பச்சை. மஞ்சள். சிவப்பு. சிவப்பிலேயே நின்றது.

கூடத்தில் தம்பி லேப்டாப்பைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தான். அதை மூடினான். சோபாவுக்குப் பின்னாலிருந்து ஒரு மைக் ஸ்டாண்டை எடுத்து நடுக்கூடத்தில் வைத்தான். புதுசு. திருகைத் தளர்த்தினான். ஸ்டாண்ட் இறங்கியது. இன்னும் இறங்கியது. வாண்டுவின் வாய்க்கு நேராக வந்ததும் திருகை இறுக்கினான்.

வாண்டு பையைக் கழற்றி வைத்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. மாமாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அவள் வாயைத் திறந்தாள்.