கையெழுத்திட்ட பையில் இல்லாத கருவி

சனிக்கிழமை, காலை 10.02. நோர்பரியில் ஒரு தேவாலய மண்டபம். தன் அவசர உதவிப் பையைத் திறந்து உள்ளே விட்ட மாணவி ஜெஸ்ரினின் கை அங்கேயே நின்றுவிட்டது. இரத்தத்தில் சீனியின் அளவைப் பார்க்கும் கருவி அதில் இல்லை.

தரையில் மயங்கிக் கிடந்த நோயாளி ஒரு கண்ணைத் திறந்தார். அவர் இம்மாகுலேற். கிழமை நாள்களில், தவறாக நிறுத்திய வாகனங்களுக்கு நேரம் குறித்துத் தண்டச்சீட்டு வைக்கும் கவுன்சில் ஊழியர். சனிக்கிழமைகளில், அவசர மருத்துவ உதவி கற்கும் பராமெடிக் மாணவர்களின் பயிற்சிக்காக நோயாளியாக நடிப்பவர்.

பயிற்சியாளர் ரங்கராஜன் பேனாவை மூடினார். “ஒன்பது பத்துக்கு எல்லாம் இருக்குன்னு கையெழுத்துப் போட்டிருக்கே. பார்க்காமலே போட்டியா?”

“இல்லை சேர். ஒவ்வொண்டாத் தொட்டுப் பார்த்துத்தான் போட்டனான்.”

“அப்போ எங்கே? இப்படிப் பொய்யாக் கையெழுத்துப் போட்டா, திங்கட்கிழமை செய்முறைத் தேர்வுக்கு உன்னை அனுப்ப முடியாதும்மா.”

அந்தத் தேர்வு தவறினால் ஜெஸ்ரினுக்கு ஓராண்டு வீணாகும். கதைகளில் வரும் கரடி, தேன் குறைந்ததும் முதலில் எதிர்ப்பட்ட முயலையே திருடன் என்று பிடித்துக்கொள்ளும். நல்லவரான ரங்கராஜனும் அன்று அதைத்தான் செய்தார்.

10.04. இம்மாகுலேற் எழுந்து உட்கார்ந்தார்.

“அம்மா, நீங்க மயக்கத்துல இருக்கீங்க.”

“இப்ப தெளிஞ்சிட்டுது, சேர். பிள்ளை, பை எங்கை இருந்தது?”

“இந்தக் கதிரையில. ஒன்பதே முக்காலுக்குக் கை கழுவப் போனனான்.”

“சேர், நீங்கள்?”

“பயிற்சிப் பொம்மையை எடுக்கக் காருக்குப் போனேன்.”

“நானும் பத்துக்குக் கிட்டத்தான் வந்தனான். அப்ப உள்ளை ஆர்?”

“நான்,” என்றான் றூபன். ஆறடி உயரமான சக மாணவன்.

“நானும்,” என்றார், கால் முறிந்தவராக நடிக்க வந்த சந்திரகுமார். அவர் சுவரோரம் சாய்ந்திருந்தார். காலடியில் வெறுமையான ஆப்பிள் ஜூஸ் பெட்டி. இடக்கை விரல்நுனியில் ஒரு துளிப் பஞ்சு.

“றூபன், பையைத் தொட்டனீரோ?”

அவன் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தான். “அன்ரி, அதைப் பற்றி எனக்கு ஒண்டும் சொல்லேலாது.”

இம்மாகுலேற் குப்பைத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். உட்புறம் வெளியாகக் கழற்றி, ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டிய நீலக் கையுறைகள் கிடந்தன. மெல்ல விரித்தார். ஒன்றின் புறங்கைப் பகுதியில் பேனாவால் எழுதியிருந்தது: 2.9, 9.52. அதை ஜெஸ்ரினின் கையோடு வைத்துப் பார்த்தார். ஒரு விரற்கணு அளவு பெரிதாக இருந்தது.

10.06. இம்மாகுலேற் கடிகாரத்தைக் காட்டினார்.

“றூபன் தம்பி, இன்னும் ஒரு நிமிசம்தான். இரண்டாந்தரம் குத்த வேணுமெல்லே?”

றூபன் காற்சட்டைப் பைக்குள் இருந்து கருவியை எடுத்தான்.

“எப்படித் தெரிஞ்சுது?” என்றார் ரங்கராஜன்.

“நடிப்பெண்டால் நோயாளியின்ர அளவு நீங்கள் எழுதிக்கொண்டு வாற அட்டையில இருக்கும், கையுறையில எழுதத் தேவையில்லை. இது உண்மையான இரத்தம்; 2.9 எண்டால் சீனி நல்லாக் குறைஞ்சிட்டுது. களவெடுக்க வந்தவன் நேரம் எழுதி வைப்பானோ? சீனி குறைஞ்சால் இனிப்புக் குடிக்கக் குடுத்து, பதினைஞ்சு நிமிசத்தால திருப்பிப் பாருங்கோ எண்டு நீங்கள்தானே ஒவ்வொரு கிழமையும் படிப்பிக்கிறியள்? நான் கண்ணை மூடிக் கிடந்தாலும் காது திறந்துதான் கிடக்கும். ஒன்பது அம்பத்திரண்டோட பதினைஞ்சைக் கூட்டுங்கோ. அதுக்காகத்தான் தம்பி கருவியைத் திருப்பி வைக்கேல்லை.”

“ஆருக்கெண்டு கேக்காதேங்கோ, சேர்,” என்றான் றூபன். “நோயாளி சொல்ல வேண்டாமெண்டிட்டார்.”

“நானும் சொல்லமாட்டன்,” என்றார் இம்மாகுலேற்.

சந்திரகுமார் செருமினார். “நான்தான். இன்சுலினைப் போட்டிட்டுச் சாப்பிடாமல் ஓடி வந்திட்டன். மனுசி துசியந்தி அறிஞ்சால் இனி இஞ்ச விடாள். அதுக்காக இந்தப் பிள்ளையின்ர திங்கட்கிழமைச் சோதனை போகக்கூடாது.”

10.07. மீண்டும் ஒரு துளி இரத்தம். 5.4. சீனி வழமையான அளவுக்கு வந்துவிட்டது. றூபன் மூச்சு விட்டான்.

“ரகசியத்தைக் காப்பாத்தினது சரிப்பா,” என்றார் ரங்கராஜன். “ஆனா ‘கருவி என்கிட்ட இருக்கு’ன்னு ஒரு சீட்டு எழுதிப் பையில வெச்சிருந்தா, எந்த ரகசியம் வெளியே போயிருக்கும்?”

றூபன் தலைகுனிந்தான். ரங்கராஜன் திங்கட்கிழமைப் பட்டியலில் ஜெஸ்ரினின் பெயரை எழுதினார்.

“மன்னிச்சுக்கோம்மா.”

“பரவாயில்லை, சேர். ஆனா இனி ஒருத்தரைப் பொய்யெண்டு சொல்ல முதல், ஒருக்கா விசாரியுங்கோ.”

ரங்கராஜன் தலையசைத்தார். பிழையைத் திருத்திக்கொண்ட மாணவனின் அடக்கம் அவர் முகத்தில் இருந்தது.