புதிதாய் எழுதிய எண்கள்

"டாடியோட வாட்சை என்ன பண்ணீங்க அண்ணி?"

சேலையூர் ஏரிப் பக்கமிருந்து வந்த பனி இன்னும் சமையலறை ஜன்னலை விட்டு விலகவில்லை. இடியாப்பத் தட்டும் கையுமாக ஏஞ்சல் திரும்பினாள். நாத்தனார் வினிதா! விடிந்ததும் விடியாததுமாகக் குன்றத்தூரிலிருந்து ஓடி வந்திருக்கிறாள்... கண்ணெல்லாம் சிவப்பு.

மாமனார் சவுரிமுத்து சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது வாங்கிய வாட்ச் அது. மகளுக்குத்தான் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். அதை விற்றுத் தையல் கடை வைப்பதென்று வினிதா கனவு கண்டுகொண்டிருந்தாள். பழைய வாட்சுகள் சேகரிக்கும் ஒருவர், எப்போதோ எடுத்த போட்டோவைப் பார்த்தே ஆசைப்பட்டு விலை பேசியிருந்தார். இந்த வீட்டு பீரோவில் இருந்ததை வினிதா நேற்றுதான் பெட்டியோடு வாங்கிப்போனாள். அதை நேரில் பார்த்தவர், கண்ணில் லென்ஸை வைத்த வேகத்தில் கீழே வைத்துவிட்டாராம்.

"டயலுக்கு யாரோ புதுசா பெயிண்ட் அடிச்சிருக்காங்களாம்! மெஷின் நல்லாத்தான் ஓடுதாம். ஆனா அந்தப் பழைய மஞ்சளும் மங்கின நம்பரும் கம்பெனியில வந்தபடி இருந்தாத்தான் மதிப்பாம் அண்ணி. இப்போ பாதி விலைக்குக்கூட வேணாங்கறார்... யார் கை வச்சது?"

சத்தம் கேட்டு ஏஞ்சலின் கணவன் பிரசன்னா முகத்தில் சோப்பு நுரையோடு வந்து நின்றான். "பீரோ சாவி உங்கிட்டதானே இருக்கு ஏஞ்சல்?"

"நான்தான் கடைக்குக் கொண்டுபோனேன்."

"யாரைக் கேட்டு?"

ஏஞ்சல் தலை குனிந்துகொண்டாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் செய்தவர் என்று சொல்லவும் யாருமில்லை. அதுதான் அவள் சங்கடம்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் அவள் கண்முன்னே மெல்ல விரிந்தது. தூறலும் வெயிலும் கலந்த காலை. வெள்ளையடித்த கல்லறைகளுக்கு நடுவே மாமியார் பேபியம்மா மண்டியிட்டு, கணவன் பெயரைக் கறுப்புப் பெயிண்டால் எழுத்தெழுத்தாகப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். மெழுகுவர்த்தி வாசனை... செவ்வந்தி வாசனை... விரலெல்லாம் பெயிண்ட். முகத்தில் மட்டும் புதுமணப்பெண்ணின் வெட்கம்! வீடு திரும்பும் வழியில்தான், வாட்சையும் புதுப்பிக்கச் சொன்னார். அந்த முகத்துக்கு ஏஞ்சலால் மறுப்புச் சொல்ல முடியவில்லை.

"ஒரிஜினல் டயலையே கழட்டி வித்துட்டீங்களோ, யாருக்குத் தெரியும்!" என்று வெடித்தாள் வினிதா.

ஏஞ்சல் கணவனைப் பார்த்தாள். 'என் பெண்டாட்டி அப்படிப்பட்டவள் இல்லை' என்று ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை! வரவில்லை. அவன் கையை நீட்டினான்.

"சாவியைக் குடு. இனிமே மம்மியே வச்சுக்கட்டும்."

அந்தச் சாவியை மாமனார் உயிரோடிருக்கும்போது அவளை நம்பிக் கொடுத்தார். ஆனாலும் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கொடுத்தாள்.

அப்போதுதான் காலைப் பூசை முடிந்து, தலையில் முக்காட்டோடு பேபியம்மா உள்ளே வந்தார். மகள் கையிலிருந்த வாட்சைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பார்த்தியா வினி? எப்படிப் பளிச்சுன்னு இருக்கு! நான்தான் ஏஞ்சல்கிட்ட குடுத்தனுப்பினேன். வருஷா வருஷம் கல்லறையில அப்பா பேரை மங்கவிடாம எழுதறோம்... அவர் கையில கட்டியிருந்ததை மட்டும் மங்கவிடலாமா? எம்புருஷன் என் பொண்ணுக்குக் குடுத்தது புதுசாட்டம் இருக்கணும்னு ஆசை..."

ஏஞ்சல் மாமியாருக்குப் பின்னால் நின்றபடி நாத்தனாரைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தாள். வினிதாவுக்கு அப்போது எல்லாம் விளங்கிற்று.

"ரொம்ப அழகா இருக்கு மம்மி."

"விலை பேசியாச்சா?"

"இல்ல மம்மி... விக்கலை. நானே கட்டிக்கப் போறேன்."

பேபியம்மா சிரித்துக்கொண்டே முக்காட்டை மடிக்க உள்ளே போனார். பிரசன்னா சாவியை நீட்டினான். நுரை காய்ந்த முகத்தில் அசடு வழிந்தது. "ஏஞ்சல்... மன்னிச்சிடு..."

"அந்த மேஜை மேல வைங்க. கை காலியில்லை," என்றாள் அவள். கையில் ஒன்றும் இல்லை.

வினிதா ஓடிவந்து அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "திருடின்னு வாயால சொல்லாத குறையா பேசிட்டேனே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அண்ணி?"

ஏஞ்சல் அவளைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை அப்போதுதான் பொங்கி வந்தது.

"மங்கலாவே விட்டிருக்கணும்னு அத்தைகிட்ட எப்படிடி சொல்லுவேன்? சொல்லியிருந்தா... அடுத்த வருஷம் அத்தை கல்லறையில பிரஷ்ஷைத் தொடுவாங்களா?"