ஒலிம்பியாவின் பெயரால்

கடித்து வைத்த ரொட்டியில் ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது. ஒலிம்பியா நாக்கால் ஈறுகளைத் துழாவினாள். வலி இல்லை. அடிநாக்கில் மட்டும், மாத்திரையைத் தண்ணீரில்லாமல் விழுங்கியதுபோல ஒரு கசப்பு. அவள் மாத்திரை சாப்பிடுகிறவளே இல்லை.

மாத்திரை சாப்பிட்டவன் அவள் கணவன் பாந்தெலிமோன். தாறுமாறாகத் துடித்த அவன் இதயத்தில் ரத்தம் உறைந்துவிடாமலிருக்க நகரத்து டாக்டரம்மா எழுதிக்கொடுத்தது. "அளவு குறைஞ்சா ரத்தம் கட்டிக்கும், கூடினா ஒழுகும். கீரை ரொம்ப வேண்டாம், மருந்தை முறிச்சிடும்" என்றிருந்தாள்.

காலமெல்லாம் அவனிடம் அடிபட்டவளின் மனதில் 'கூடினா' என்பது மட்டும் தங்கியது. அன்றிலிருந்து அவன் சூப்பில் இன்னொரு மாத்திரையும் கரைந்தது. ஒருநாள் நிலவறைப் படியில் சறுக்கினான். சின்ன அடிதான். உள்ளுக்குள்ளேயே ஒழுகித் தீர்ந்தான். விதி என்றது ஊர்.

நாற்பதாம் நாள் அவன் பெயரால் வேகவைத்த கோதுமையும், முட்டைக்கோஸ் சுருளும், அவன் சட்டையும் தொப்பியும் அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தாள். யார் பெயரால் கொடுக்கிறோமோ அவர் கைக்குப் போய்விடும் என்பது ஊர் வழக்கம். மிச்ச மாத்திரைகளை வீட்டில் வைத்திருக்கப் பயம். அதே நோய்க்காரியான பக்கத்து வீட்டு ஃப்ரோசினாவின் மடியில், மெழுகுவர்த்தியோடு அவற்றையும் போட்டாள்.

"பாந்தெலிமோனுக்குச் சேரட்டும்."

இப்போது ஃப்ரோசினா வேலியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"அடியே ஒலிம்பியா! உன் வீட்டுக்காரன் கனவுல வந்தான்டி. உசிரோட இருந்தப்ப எச்சில் கையால காக்கா ஓட்டாதவன், அங்க உக்காந்து தானம் பண்றான்!"

"என்னத்தக்கா?"

"நீ குடுத்த மாத்திரையத்தான். போறவன் வர்றவன் கையில எல்லாம் திணிக்கிறான். 'ஒலிம்பியாவுக்குச் சேரட்டும், ஒலிம்பியாவுக்குச் சேரட்டும்'னு. செத்தப்புறம் பொண்டாட்டி மேல வந்த ஆசையப் பாரேன்!" சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "ஏய், மூக்குல ரத்தம்டி. டாக்டர்கிட்ட போ."

போகலாம். ரத்தத்தைச் சோதிப்பார்கள். இந்த மருந்து உன் உடம்பில் எப்படி என்பார்கள். பிறகு பாந்தெலிமோனின் குழியைத் தோண்டுவார்கள்.

கதவைத் தாழிட்டுவிட்டுக் கீரையை அடுப்பில் ஏற்றினாள். ஆவியில் ஜன்னல் மங்கியது. பச்சை வாடை திரைச்சீலையிலும் தலைமுடியிலும் ஏறியது. அந்த வாடைக்கு அடியிலிருந்து, மூடிய அறைக்குள்ளேயே, அவன் சட்டைகளில் எப்போதும் இருந்த பிளம் சாராயமும் புகையிலையும் கலந்த நெடி மெல்ல எழுந்து அவள் தோளருகே வந்து நின்றது. அவள் திரும்பவில்லை. வெந்ததும் வேகாததுமாகக் கீரையை அள்ளி விழுங்கினாள்.

கசப்பு குறையவில்லை. ஏறியது.

சட்டைக் கையைச் சுருட்டினாள்.

மணிக்கட்டில் ஒரு கன்றல். கல்யாணமான வருடம் அவன் முறுக்கிய இடம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழங்கையில் இன்னொன்று. ஈஸ்டர் அன்று அவன் கதவில் மோதிய இடம். தோளில். விலாவில். தொடையில். ஆறி மறந்த அடிகளெல்லாம், வாங்கிய வரிசையிலேயே, கறுத்து மேலே வந்தன.

தொடைக்குப் பிறகு கன்னம். கன்னத்துக்குப் பிறகு காது.

நின்றது.

மூச்சு விட்டாள். அவ்வளவுதான். அவன் அடித்தது அவ்வளவுதான். கழுத்தில் அவன் ஒருநாளும் கை வைத்ததில்லை.

கழுத்து குளிர்ந்தது. சுவரிலிருந்த கண்ணாடியைப் பார்த்தாள்.

ஒரு பக்கம், நான்கு விரல்கள். மறுபக்கம் கட்டைவிரல், இன்னும் அழுந்திக்கொண்டிருந்தது.