வாறன் என்று சொன்னவர்

பவளராணி மகளையும் இரண்டு பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது நல்ல வெயில். ஸ்ஃபெர்ராகவால்லோவின் கடற்கரைச் சாப்பாட்டுக் கடைகளில் உல்லாசப் பயணிகள் இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கடைகளைத் தாண்டி, மீன் தொழிற்சாலையின் நீண்ட மதிலோடு போகும் ஒழுங்கைக்குள் திரும்பியதும் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. ஒரு பக்கம் மதில். மறு பக்கம், தொழிற்சாலை தன் ஆட்களுக்கென்று எப்போதோ கட்டிக்கொடுத்த வீடுகள், ஒன்றோடொன்று ஒட்டியபடி ஒரே வரிசையாக. பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தன.

சூரை மீனை அவித்து டின்னில் அடைக்கும் தொழிற்சாலை அது. ஒரு காலத்தில் சங்கு ஊதினால் அந்த ஒழுங்கையில் ஆளோடு ஆள் இடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டுமாம். பிறகு கொம்பனிக்காரர் நட்டம் நட்டம் என்று மூக்கால் அழுதுகொண்டே ஆட்களைக் குறைத்தார்கள். இளசுகள் வடக்கே தொரினோவுக்கும், அதையும் தாண்டி ஜெர்மனிக்கும் போனார்கள். நாலைந்து பேர் செய்த வேலை ஒரு ஆளின் தலையில் விழுந்தது. அந்த ஒரு ஆள் பெரும்பாலும் தமிழனாக இருந்தான், ஏனென்றால் நம்மவர்கள் முணுமுணுக்க மாட்டார்கள். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை என்ன சொல்வது.

அப்படி முணுமுணுக்காத ஒருவர்தான் மரியநாயகம், பவளராணியின் கணவர். மன்னாரிலிருந்து வந்தவர். மாசி மாதத்தில் ஒரு நாள் தொழிற்சாலையின் குளிர் அறைக்குள் தனியாகப் பெட்டி அடுக்கப் போனார். கதவு சாத்திக்கொண்டது. உள்பக்கத்துப் பிடி உடைந்து மாதக்கணக்காகி இருந்தது. கொம்பனிக்காரருக்கு அது தெரியும், திருத்தக் காசில்லை என்று விட்டிருந்தார்கள். மறுநாள் காலையில்தான் கதவைத் திறந்தார்கள். அதோடு தொழிற்சாலையையும் மூடிவிட்டார்கள்.

"சனத்துக்கு நடுவில போர்கோ வெக்கியோவில இருக்கிறதை விட்டிட்டு, புருசன் செத்த இடத்துக்குப் பக்கத்தில போய் ஆராவது இருப்பினமோ?" என்று செலஸ்ரீனா அக்கா திட்டினாள். கோயிலில் பழக்கமான மனுசி, பவளராணிக்கு இந்த ஊரில் இருந்த ஒரே சொந்தம் மாதிரி.

"வாடகை குறைவு அக்கா," என்றாள் பவளராணி. அது பொய்யில்லை. ஆனால் முழுதும் உண்மையும் இல்லை. அவளுக்குள் ஒரு கேள்வி இருந்து அரித்துக்கொண்டே இருந்தது.

அவர் குளிர் அறைக்குள் போன அன்று மத்தியானம் அவள் மொண்டெல்லோவில் ஒரு பணக்காரச் சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டுக் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டு நின்றாள். ஃபோன் அடித்தது. கை ஈரம் என்பதால் காதுக்கும் தோளுக்கும் நடுவில் சொருகிக்கொண்டாள். ஒரே இரைச்சல். இரைச்சலுக்குள் அவருடைய குரல் விட்டு விட்டு வந்தது.

"ராணி… …ராணி… நான் வாறன்."

"ஓம், வாங்கோ," என்றாள். லைன் அறுந்துவிட்டது.

வேலை வேளைக்கு முடிந்துவிட்டதாக்கும் என்று நினைத்து, போகிற வழியில் கணவாய் வாங்கி உறைப்பாகப் பிரட்டி மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். விடியும்வரை காத்திருந்தாள். நம்மவர்கள் வீட்டுக்கு வரும்போதும் 'வாறன்' என்பார்கள், விடைபெறும்போதும் 'வாறன்' என்றுதான் சொல்வார்கள். 'போறன்' என்று வாயால் சொல்வது ஆகாது. அந்தக் குளிருக்குள் நின்று அவர் சொன்னது எந்த வாறன்? அதுதான் அவளை அரித்த கேள்வி.

வீட்டுக் கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து குளுகுளுவென்று காற்று வந்து முகத்தில் பட்டது. கல்லுச் சுவர், சின்ன ஜன்னல், இரண்டே அறைகள். ஒன்பது வயதுச் சாரங்கா சிமெந்துத் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டாள்.

"கே பெல்லோ, நல்லாயிருக்கு அம்மா. ஏசி போட்ட மாதிரிக் கிடக்கு."

பக்கத்து வீட்டில் நுன்சியா என்றொரு அம்மா தனியாக இருந்தாள். அந்தத் தொழிற்சாலையில் டின் அடைத்துக் கை தேய்ந்து, மரியநாயகம் வேலைக்குச் சேரும் முன்பே ஓய்வு பெற்றவள். வாசலில் நின்று அவர்களை மேலும் கீழும் பார்த்தாள். "இந்த வீடு வெயில் காலத்தில் கூடக் காயாது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஆவணி பிறந்தது. ஆபிரிக்காப் பக்கமிருந்து சிரோக்கோக் காற்று மண்ணையும் நெருப்பையும் அள்ளிக்கொண்டு வந்தது. அந்த நாட்களில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே ஜன்னல் பலகைகளை இழுத்து மூடிவிட்டுச் சுருண்டுவிடும். வெளியே கண் கூசும் வெளிச்சம், வீட்டுக்குள் கிணற்று இருட்டு. நாய் கூடக் குரைக்காது. சாரங்கா கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். பவளராணி கதிரையில் சாய்ந்து, தூங்கியும் தூங்காமலும் கிடந்தாள்.

ஒழுங்கையில் யாரோ நடந்து வந்தார்கள்.

சளக். சளக்.

தண்ணீர் நிறைந்த றப்பர் பூட்ஸோடு நடந்தால் வருமே, அந்தச் சத்தம். அவசரமில்லாமல், களைத்த நடையாக வந்தது. மதிலோரமாக வந்து வாசலில் நின்றது. கதவின் தாழ்ப்பாள் தானாக மெல்ல எழும்பி, தானாகக் கீழே விழுந்தது.

கதவு திறக்கவில்லை.

ஆனாலும் யாரோ உள்ளே வந்துவிட்டார்.

முதலில் மணம் வந்தது. பழைய ஐஸ், உப்பு, ஈர இரும்பு. பிறகு அறையின் சூடு முழுவதும் ஒரு மூலையை நோக்கி வடிந்து போனது. அவளுடைய மூச்சு வெள்ளையாகப் புகைந்தது. வேறு யாராவது என்றால் அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடியிருப்பார்கள். பவளராணி ஓடவில்லை. அவளுடைய கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"வந்திட்டீங்களே," என்று குசுகுசுத்தாள்.

அப்படியென்றால் அது வருகிற வாறன்தான். இத்தனை மாதமும் கிடந்து வெந்த மனசுக்கு அது போதுமாக இருந்தது. அன்றிலிருந்து அவள் மத்தியான வேலைகளை ஏதாவது சாட்டுச் சொல்லித் தட்டிக்கழித்தாள். சோறு போட்டு மேசையில் வைத்தாள். சோறு குறையவில்லை, ஆனால் எடுத்துக் கழுவப்போகும்போது அதன்மேல் ஐஸ் படலம் பிடித்திருக்கும். அதையும் அவள் ஒரு சந்தோசமாகவே எடுத்துக்கொண்டாள். பாவம், அவளுக்கு வேறு என்ன சந்தோசம் இருந்தது.

பிறகுதான் பிள்ளையின் கையைப் பார்த்தாள்.

சாரங்காவின் இடது கை மட்டும் சில்லென்று இருந்தது. நகங்கள் நீலம் பாரித்திருந்தன. டொக்டரிடம் கொண்டு ஓடினாள். அவர் அழுத்திப் பார்த்தார், இரத்தம் எடுத்துப் பார்த்தார், ஒன்றுமில்லை என்று விற்றமின் எழுதிக் கொடுத்தார். குளிர் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு ஏறியது. முழங்கையிலிருந்து தோளுக்கு ஏறியது. தோளைத் தாண்டினால் அடுத்து என்ன என்று நினைக்கவே பவளராணியால் முடியவில்லை.

"எப்பிடியம்மா இப்பிடி வந்தது? ஐஸில கை வைச்சனியோ?"

"இல்லை அம்மா. அப்பாதான் பிடிச்சுக்கொண்டு படுக்கிறவர்." பிள்ளை சாதாரணமாகத்தான் சொன்னாள். "அப்பா பாவம். அவருக்குச் சரியான ஃப்ரெட்டோ, குளிருதாம். என்ர கை சூடு எண்டு சொன்னவர்."

"உனக்குப் பயமில்லையோ?"

"இல்லை. ஆனா இழுத்தாலும் விடமாட்டார்."

அன்றே அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போர்கோ வெக்கியோவுக்கு ஓடினாள். செலஸ்ரீனா அக்காவின் வீடு மூன்றாம் மாடியில். கீழே சந்தைக்காரர் கூவுகிற சத்தம், மேலே கோழிக்குழம்பு மணம், இஞ்சை எதுவும் அண்டாது என்று ஆறுதலாக இருந்தது. அடுத்த நாள் மத்தியானம் சந்தை அடங்கி, ஜன்னல்கள் மூடிய பிறகு, மாடிப்படியில் சத்தம் கேட்டது.

சளக். சளக்.

செலஸ்ரீனாவுக்கும் கேட்டது. அவள் சிலுவை போட்டுக்கொண்டு பவளராணியின் கையை இறுக்கிப் பிடித்தாள். சத்தம் கதவடிக்கு வந்தது. கட்டிலில் கிடந்த பிள்ளை தூக்கத்திலேயே இடது கையை நீட்டினாள்.

எல்லாம் அடங்கியபின் செலஸ்ரீனா தணிந்த குரலில் கேட்டாள்.

"கடைசியா உன்னோட என்ன கதைச்சவர்?"

"வாறன் எண்டு சொன்னவர்."

"அதுக்கு நீ என்ன சொன்னனீ?"

"ஓம், வாங்கோ எண்டன்."

செலஸ்ரீனா எழும்பிப் பிள்ளையின் கையைத் தொட்டுப் பார்த்தாள். "அந்த மனுசன் போற வழியில நிண்டு உன்னட்டை விடை கேட்டிருக்கு," என்றாள் பிறகு. "நீ வாங்கோ எண்டு கூப்பிட்டுப்போட்டாய். எப்பவாவது உன்ர சொல்லைத் தட்டினவரே? வந்துகொண்டுதான் இருப்பார். நீதான் போங்கோ எண்டு சொல்லவேணும்."

"வேலைக்குப் போகேக்கை கூட ஒருநாளும் அப்பிடிச் சொன்னதில்லை அக்கா."

"தெரியும். ஆனா பிள்ளையைப் பார்."

பவளராணி பார்த்தாள். பிள்ளையின் கழுத்தோரம் நீல நரம்பு ஒன்று புடைத்திருந்தது.

அவரை முதலில் வரவேற்ற வீட்டில் வைத்தே அனுப்புவது என்று அவள் முடிவெடுத்தாள். மறுநாள் மத்தியானம் பிள்ளையோடு ஒழுங்கை வீட்டுக்குத் திரும்பி வந்து, அந்த இருட்டுக்குள், சாரங்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு காத்திருந்தாள். வெளியே சிரோக்கோ மதிலில் மண்ணை வீசி அடித்தது.

தாழ்ப்பாள் எழும்பியது.

ஐஸ் மணம் அவளைத் தாண்டிக்கொண்டு போனது.

பிள்ளையின் இடது கை மெல்ல உயர்ந்தது. அந்தரத்தில் நின்றது. சின்ன விரல்கள் எதையோ சுற்றி மடங்கின.

"இஞ்சாருங்கோ," என்றாள் பவளராணி. மறுபடி சொன்னாள். "இஞ்சாருங்கோ, பிள்ளையை விடுங்கோ."

விரல்கள் விரியவில்லை.

காதோரம் ஒரு மூச்சு பட்டது. பட்ட இடம் விறைத்தது.

"ராணி… குளிருது."

அவள் கட்டிப்பிடிக்கத்தான் போனாள். உண்மையைச் சொன்னால், என்னையும் கொண்டு போங்கோ என்று கேட்கத்தான் வாய் திறந்தாள். அந்த நேரம் பிள்ளையின் உதடுகள் நீலமாகிப் போவதைக் கண்டாள். நெஞ்சு ஏறி இறங்கவில்லை.

"போங்கோ."

ஒன்றும் அசையவில்லை.

"போங்கோ. இனி வராதேங்கோ. நான்தான் சொல்லுறன், போங்கோ."

கை தொப்பென்று மெத்தையில் விழுந்தது. பிள்ளை இருமி, மூச்சை இழுத்தாள். சளக் என்று ஒரு அடி. பிறகு இன்னொன்று. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் அவர் நின்று திரும்பிப் பார்ப்பது போலிருந்தது. அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். இந்த முறை கதவு உண்மையாகவே திறந்தது. சூடான காற்று வீட்டுக்குள் பாய்ந்தது.

அடக்கம் செய்த அன்று கூட அவள் அப்படி அழவில்லை. தரையில் விழுந்து புரண்டு அழுதாள். அன்றைக்கு அவர் செத்தது கொம்பனிக்காரரால். இன்றைக்கு அவரைத் துரத்தியது அவளுடைய வாய்.

பிள்ளை தேறினாள். கையில் இரத்தம் ஊறி, இரண்டு கிழமையில் ஒழுங்கையில் பந்தடிக்கத் தொடங்கிவிட்டாள். மத்தியானங்களில் வீடு மற்ற வீடுகளைப் போலவே புழுங்கியது. பவளராணி மொண்டெல்லோ வேலைக்குத் திரும்பிப் போய், இருட்டுகிற நேரத்தில் வந்து, சமைத்து, படுத்தாள். அவரைப் பற்றி அவளும் கதைக்கவில்லை, பிள்ளையும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நுன்சியா உடுப்புக் காயப் போட்டுக்கொண்டே அவளைக் கூப்பிட்டாள்.

"சிஞ்ஞோரா, குறை நினைக்காதே. அது உன்னுடைய ஆள்தானே?"

"எந்த ஆள்?"

"நீ வேலைக்குப் போன பிறகு உன் வாசற்படியில் வந்து உட்காருகிறாரே, அவர். இந்த வெயிலில் பல் கிட்டி நடுங்குகிறார். உள்ளே போகலாமே என்றேன். கதவைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் பேசாமல் இருக்கிறார். பார்க்க முடியவில்லை, நேற்று என் வீட்டுக்காரருடைய பழைய கோட்டைக் கொடுத்தேன்." உடுப்பை உதறியவள் கொஞ்சம் கோபத்தோடு திரும்பினாள். "உன் வீட்டுச் சண்டை எனக்குத் தேவையில்லை. ஆனால் ஒரு மனிதனை ஏன் இப்படி வெளியே வைத்திருக்கிறாய்?"

பவளராணி திரும்பினாள். நடந்து வந்து தன் வாசலைப் பார்த்தாள். கோயிலுக்குப் போகிற அவசரத்தில் காலையில் அவள் கவனிக்கவில்லை. படியின் ஓரத்தில் கறுப்புக் கம்பளிக் கோட்டு ஒன்று மடித்து வைத்திருந்தது. எடுத்தாள். பலகை மாதிரி விறைத்திருந்தது. மடிப்புகளுக்குள் வெள்ளையாக உறைபனி. வெயில் நேராக அதன்மேல் விழுந்துகொண்டிருந்தும் ஒரு துளி கூட உருகவில்லை.

உள்ளே போய்ச் சாரங்காவுக்குச் சாப்பாடு கொடுத்தாள். தலையைத் தடவிவிட்டாள். "வெளியில வராதை, அம்மா கதவடியில இருக்கிறன்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினாள். படியில் உட்கார்ந்தாள். எதுவும் சொல்லவில்லை. அழைத்தால் பிள்ளை போய்விடும். அனுப்ப இன்னொரு தரம் அவளால் முடியாது. கோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துவிட்டு, மதிலைப் பார்த்தபடி இருந்தாள்.

ஒழுங்கையில் வெளிச்சம் மங்கி வந்தது. அவளுடைய இடது பக்கம் மெல்லக் குளிரத் தொடங்கியது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

படியில் கிடந்த கோட்டின் தோள்கள் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்துகொண்டிருந்தன.