தடம் தாண்டிய கால்

காட்டுக்குள் நுழைய வேண்டுமென்றால் முதலில் உப்புத் தொட்டியில் இறங்கி நிற்க வேண்டும். தடக்காவலரான சங்கரவடிவு தினமும் செய்கிற வேலைதான் அது. இன்று பக்கத்தில் அவள் கணவன் தளவாயும் நின்றான். ரப்பர் காலணி அவன் காலைக் கடித்தது.

“காட்டப் பாக்கப் போறதுக்கு இம்புட்டுப் பவுசா?” என்று முனகினான்.

“பேசாம நில்லுங்க அத்தான். அடி நனையணும்.”

காவலர் குடும்பத்துக்கு வருடத்தில் ஒருநாள் இலவச அனுமதி உண்டு. வயல்வேலையைச் சாக்குச் சொல்லித் தளவாய் இத்தனை நாள் தப்பித்துக்கொண்டிருந்தான். இந்த முறை வடிவு விடவில்லை. நச்சரித்து, இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கடைசியில் ஐந்து வயது மகள் ஆவுடையைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு அவனைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டாள். தான் தினமும் பார்க்கிற பச்சையை அவனும் ஒருதரம் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆசை யாரை விட்டது?

இருவரும் மிதிவண்டியில் ஏறினார்கள். சுட்ட ஓடு பதித்த தடம் மலையைச் சுற்றி ஏறியது. ஓட்டின் மேல் மண்ணோ சருகோ கிடந்தால் வடிவு இறங்கி, நீளமான இடுக்கியால் எடுத்து வெளியே போட்டாள். கையால் தொடவில்லை. தளவாய் மூச்சு வாங்க மிதித்தான். ஆனால் வாய் ஓயவில்லை. இவ்வளவு பெரிய மரமா, இத்தனை பறவையா என்று குழந்தை மாதிரி கேட்டுக்கொண்டே வந்தான். வடிவுக்குச் சந்தோஷமாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவன் இப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

இந்த மலை ஒருகாலத்தில் மொட்டைப் பாறையாகக் கிடந்தது. அறிவியலாளர்கள் ஆய்வுக்கூடத்தில் உயிர்மண் என்ற ஒன்றை வளர்த்துத் தூவினார்கள். பயோ சாயில் என்று பள்ளிப் பிள்ளைகள் சொல்லும். எங்கே விழுந்தாலும் அந்த இடத்தை அது காடாக்கும். மலை பச்சையானது, ஊரே கொண்டாடியது. பிறகு யாரோ ஒருவரின் காலோடு அது வயலுக்கு இறங்கியது. நெல் நட்ட இடத்தில் மரம் முளைத்தது. வெட்டினால் மேலும் முளைத்தது. ஏழு ஊர் சோற்றுக்கு அலைந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

ரப்பரில் ஒட்டியதை உப்புநீர் கொன்றுவிடும். தோலில் பட்டால் ஒன்றும் செய்ய முடியாது. பட்ட ஆளுக்கு ஒரு கேடும் வராது, காய்ச்சல்கூட அடிக்காது. உயிர்மண் அவர் தோலுக்குள் குடியிருந்து, சாகும்வரை வியர்வையோடு உதிர்ந்துகொண்டே இருக்கும். அதனால் தடத்துக்கு வெளியே வெறும் கால் வைத்தவர் ஊர் திரும்பக் கூடாது என்று சட்டம். காட்டிலேயே இருந்துவிட வேண்டியதுதான். அவர்களைக் காட்டார் என்றார்கள்.

அருவிக்குக் கீழே வண்டிகளை நிறுத்திவிட்டு நடந்தார்கள். முந்தின நாள் மழையில் ஒரு மரக்கிளை தடத்தில் விழுந்து கிடந்தது. வடிவு முன்னால் போய் அதை இழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

தளவாய் தடத்தில் இல்லை. ஓட்டின் மேல் அவன் காலணிகள் மட்டும் ஒழுங்காக, ஜோடியாக இருந்தன.

மழையில் சரிந்த மேட்டில் ஒரு பழைய சாமி பூடம் வெளியே வந்திருந்தது. சுண்ணாம்பு உதிர்ந்த மண்பீடம்; உச்சியில் இன்னும் கொஞ்சம் மஞ்சள் ஒட்டியிருந்தது. அதன் முன்னால் தளவாய் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றான். வெறும் கால் கணுவரை ஈர மண்ணில் புதைந்திருந்தது.

இதற்காகவே தடத்தோரத்துச் சாமிகளையெல்லாம் அரசு எப்போதோ பெயர்த்தெடுத்துவிட்டது. சாமியைக் கண்டால் செருப்பைக் கழற்றாதே என்று, காட்டுக்கு வருகிறவர்களுக்குத் தரும் பயிற்சியில் தொண்டை கிழியச் சொல்லுவார்கள். சொல்லி என்ன? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

“அத்தான்!”

அவள் குரலைக் கேட்டுத்தான் அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான். ஒரே தாவலில் தடத்துக்கு வந்து, குடிநீரை ஊற்றித் தேய்த்தான். தோல் சிவக்கும்வரை தேய்த்தான். வடிவு நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். நான்தானே கூட்டிவந்தேன், நான்தானே என்று மனம் அடித்துக்கொண்டது.

“ஏளா, யாரும் பாக்கல,” என்றான். “வாசல்ல மிஷினு செருப்பத்தான பாக்குது? காலப் பாக்காதுல்லா?”

பார்க்காது. அது அவளுக்குத் தெரியும்.

“வயலுக்குப் போவமாட்டேன். வீட்டுக்குள்ளயே கெடக்கேன். சாக்ஸு போட்டுக்கிடுதேன்.”

“ராத்திரி பிள்ள ஒங்க நெஞ்சுலதான அத்தான் படுத்து ஒறங்குது? காலைல அவ வெளிய ஓடுவா. வரப்புல வெளயாடுவா.”

“அதுக்கு? என்ன இங்கயே விட்டுட்டுப் போயிருவியா?”

அவள் எழுந்து வண்டிகள் நின்ற இடத்துக்கு நடந்தாள். தளவாய் காலணியை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தான். ஒரு திருப்பத்தில், தடத்துக்குச் சற்றுத் தள்ளி, தாடி வளர்ந்த மனிதர் ஒருவர் மரத்தில் சாய்ந்து நின்று யாரோ ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வடிவு பழக்கம்போலத் தலையைத் திருப்பாமல் மிதித்தாள். காட்டாரைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. பார்த்தவர்கள் பாசத்தில் இறங்கிப் போய்த் தாங்களும் காட்டாராகியிருக்கிறார்கள். தளவாய் வண்டியை நிறுத்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்ல வந்து சேர்ந்தான்.

வாசலில் காவல் பார்க்கும் பால்துரை அண்ணாச்சி கம்பிக்கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். “என்ன மாப்ள, சுத்திப் பாத்தாச்சா? ஏறுங்க.”

வடிவு செருப்பைச் சோதிக்கும் இயந்திரத்தில் ஏறினாள், பச்சை விளக்கு எரிந்தது. தளவாய் ஏறினான், பச்சை எரிந்தது. பால்துரை சாவியை எடுத்தார்.

வடிவு கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “தெறக்காதீய அண்ணாச்சி. அத்தான் செருப்பக் கழத்திட்டாவ.”

“ஏளா, பச்சதான எரியுது,” என்றான் தளவாய்.

பால்துரை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாவியைக் கீழே வைத்துவிட்டு, ஒருவர் மட்டும் நுழையக்கூடிய சின்னக் கதவுக்குப் போனார்.

தளவாய் இயந்திரத்திலிருந்து தானாகவே இறங்கி, காட்டுப் பக்கம் போய் நின்றான். வடிவு அழுதாள். அவனைத் தொட முடியாத தூரத்தில் நின்று வாய்விட்டு அழுதாள்.

“பிள்ளட்ட எதாவது சொல்லிக்க,” என்றான். “காலைல தடம் பாக்க நீதான வருவ?” என்றான்.

“ஆமா.”

“நான் தடத்தோரத்துலயே நிப்பேன். ஒரு தடவயாவது திரும்பிப் பாப்பியா?”

அவளுக்குத் தன்னைத் தெரியும். ஒருமுறை பார்த்தால் இறங்கிவிடுவாள். ஆவுடைக்கு யாருமில்லாமல் போய்விடும்.

“பாக்கமாட்டேன் அத்தான்,” என்றாள்.