திருத்தாத ஏற்பி

ஈரோட்டில் இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை பெண்களுக்கு அரசு விடுமுறை. ஒரே மாத்திரையைத் தின்று அத்தனை பெண்களுக்கும் ஒரே நாளில் மாதவிலக்கு வந்தால் வேறென்ன செய்வது! அன்றைக்கு நெசவாலையில் ஒற்றைப் பெண்ணாக நின்று தறி ஓட்டுபவள் குயிலி. அவளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும், சில சமயம் ஐந்தும் ஆகும்.

அறுபது வருடத்துக்கு முன் சினைப்பை நீர்க்கட்டி நோயை ஒழித்துக்கட்டினார்கள். ஹார்மோன் சொல்வதைக் காதில் வாங்கும் புரதத்துக்கு ஏற்பி என்று பெயர். அது ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். சிலருக்கு மந்தம், சிலருக்குக் கூர்மை; நோய் வருவது அதனால்தான். கருவிலேயே எல்லோருக்கும் ஒரே அச்சில் திருத்திவிட்டால் தொல்லை விட்டது என்றார்கள். விட்டதும் உண்மைதான். குயிலியின் அம்மா பர்கூர் மலையில் வேலை பார்த்தவர்; கருவைப் பதியத் தவறிப்போய் மகள் திருத்தமில்லாமல் பிறந்துவிட்டாள்.

அப்படிப்பட்டவர்கள் பிள்ளை பெற அனுமதி வாங்க வேண்டும். குயிலியும் கணவனும் இரண்டு முறை மனுப் போட்டார்கள். இரண்டையும் கருநல அதிகாரி அமராவதி தள்ளிவிட்டார். குயிலிக்கு வயது முப்பத்தாறு. அதை நினைத்து அவள் அழாத வாரமில்லை.

சித்திரையில் விடுமுறை வந்தது, விலக்கு வரவில்லை. ஊரில் ஒருத்திக்கும் வரவில்லை. வைகாசியிலும் அதே கதை. தண்ணீரில் கலந்த ஏதோ புது ரசாயனம் அந்த ஒரே அச்சு ஏற்பியை அடைத்துவிட்டதாம். ஊர் முழுக்க ஒரே ரக நெல்லை நட்டால் ஒரு பூச்சி போதும் என்பது எந்த விவசாயிக்கும் தெரியும். படித்தவர்களுக்கு உறைக்கவில்லை பாருங்கள்! குயிலிக்கு மட்டும் அந்த மாதம் ஜம்மென்று வந்தது.

அமராவதி ஆலைக்கே தேடி வந்தார். குயிலியின் ரத்தத்திலிருந்து ஏற்பியின் அச்சை எடுத்து, பெண்களின் சினைப்பையிலும் சினைமுட்டையிலும் ஏற்றப்போகிறார்களாம். முதலில் கல்யாணமாகி இரண்டு வருடமான தன் மகளுக்குத்தான் என்றார். குயிலியின் உதட்டுமேல் இருந்த அரும்பு மீசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"மீச முடி, தள்ளிப்போற நாளு, இதையெல்லாம் கழிச்சுட்டு மிச்சத்த மட்டும் எடுக்க முடியாதுங்கறாங்க அம்மிணி."

"சேந்துதானுங்க வரும்."

குயிலிக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனாலும் கையை நீட்டினாள்.

"ரத்தத்த எடுத்துக்கங்க. உங்க புள்ளைக்குக் கொழந்த பொறக்கட்டும். ஆனா பொறக்கற பேத்தியும் என்னையாட்டந்தான் இருப்பா. நாளைக்கு அவ மனுவத் தூக்கிட்டு வந்து நின்னா, நீங்க என்ன எழுதுவீங்க?"

அமராவதி அதை யோசித்திருக்கவில்லை. நூல் மூட்டைமேல் உட்கார்ந்து, விதியையே எடுத்துவிடச் சொல்லி அங்கிருந்தே தலைநகருக்குப் பேசினார். அனுமதி விதி அந்த ஆடியில் ரத்தானது.

மறுவருடம் குயிலிக்கு ஒரு மகள் பிறந்தாள். மருத்துவமனையில் அனுமதிச் சீட்டு எதுவும் கேட்கவில்லை. பெயர் என்ன வைக்கப்போகிறாய் என்று மட்டும் கேட்டார்கள்.