சேவுகன் உட்கார அஞ்சிய இடம்

1971, ஜூன். டிரைவர் சேவுகனிடமிருந்து களவு போனது அரை மணி நேரம். நாச்சியாபுரம் சாலையில் அம்பாசிடர் புளியமரத்தில் மோதியதும், பால்காரர் சோணை சைக்கிளோடு அடிபட்டு மாண்டதும் அவனுக்குத் துளியும் நினைவில்லை. தலையில் கட்டோடு ஆஸ்பத்திரியில் கண் விழித்தவனிடம், ஓட்டியது நீதான் என்றார்கள். டிரைவர் வேறு யார்? அவனும் நம்பிவிட்டான். வரும் வாரம் தேவகோட்டை கோர்ட்டில் ஒப்புக்கொள்ளப் போகிறான். ஜெயில் நிச்சயம்.

தூக்கம் போயிற்று. காரைக் கண்டாலே நடுக்கம். மனைவி மலையம்மாள் அவனை மனநல டாக்டர் கல்யாணசுந்தரியிடம் அழைத்து வந்து நடந்ததைச் சொன்னாள். அன்று முதலாளி மகள் தேனம்மையின் கல்யாணச் சாமான்தான் ஏற்றி வந்தார்களாம். பின்சீட்டில் கூரை முட்ட இருந்த அண்டாவும் தவலையும் ரோடெல்லாம் உருண்டனவாம். போலீஸ் வருவதற்குள் வீட்டார் அள்ளிப் போய்விட்டார்களாம். காரில் கூட வந்த முதலாளி மகன் முத்தப்பன் சிராய்ப்போடு தப்பினாராம். நல்ல மனுஷன், அடிக்கடி பழம் வாங்கி வந்து பார்க்கிறாராம்.

டாக்டர் அவசரப்படவில்லை. முதலில் நின்ற காரைத் தொடச் சொன்னார். சில நாள் கழித்து ஸ்டியரிங் முன் உட்காரச் சொன்னார். வேடிக்கையைப் பாருங்கள், அவன் சாவகாசமாகக் கண்ணாடியைத் திருப்பி வைத்தான். நான் ஓட்டுகிறேன், நீங்கள் இடது பக்கம் நகருங்கள் என்று டாக்டர் சொன்னதும்தான் வெலவெலத்துப் போனான். வலது கை ஸ்டியரிங்கை எட்டிப் பிடித்தது. கால், அங்கே இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்தது.

ஆளைக் கொன்ற இடத்தில் நிம்மதி, பக்கத்து இடத்தில் நடுக்கமா? டாக்டருக்கு ஆர்வம் தாங்கவில்லை. மறுநாள் காலை இன்ஸ்பெக்டரையும் முத்தப்பனையும் வரவழைத்தார்.

"விபத்தப்ப எங்கே இருந்தீங்க?" என்று முத்தப்பனிடம் கேட்டார்.

"பின்சீட்டுல. தூங்கிட்டேன்."

"அண்டா மேலயா?"

டாக்டர் இன்ஸ்பெக்டரிடம் விளக்கினார். முதலாளி வீட்டார் டிரைவர் பக்கத்தில் உட்காருவதில்லை. அந்தப் பழக்கத்தில் இவர் பொய்யிலும் பின்சீட்டுக்கே போய்விட்டார், கேட்டவர்களும் நம்பிவிட்டார்கள். ஆனால் அன்று பின்னால் ஈ நுழைய இடமில்லை. இருவரும் முன்னால்தான் இருந்திருக்க வேண்டும். இதில் சேவுகன் இடப்பக்கம் இருந்தான் என்று அவன் கையும் காலுமே சொல்லிவிட்டன. அப்படியானால் ஓட்டியது முத்தப்பன்.

"ஓட்டிப் பழகுனேன். பயந்துட்டேன்," என்றார் முத்தப்பன்.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சேவுகனுக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

"தம்பி, ஒரு உசுரக் கொன்னுட்டேனேன்னு தெனம் செத்துக்கிட்டு இருந்தேன். பழத்த உரிச்சுக் குடுத்துக்கிட்டே அதப் பார்த்துக்கிட்டு இருந்தீகளே."